பெற்றோர் பிரியும்போது குழந்தையின் பராமரிப்புத் தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலும் இன்று நடப்பதை வைத்து எழுதியது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. பராமரிப்புத் தொகை கேட்கும் பழைய 125-ஆம் பிரிவுதான் இப்போது 144. வக்கீல்கள் இன்னும் வாய்ப்பழக்கத்தில் ‘ஒன் ட்வென்டி ஃபைவ்’ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

விவாகரத்து கேஸே இன்னும் போடவில்லை. குழந்தைக்கு மட்டும் இப்போதே பணம் கேட்க முடியுமா?

முடியும். 144-ஆம் பிரிவு மனுவுக்கும் விவாகரத்துக்கும் சம்பந்தம் இல்லை. தனித்தனியாக வாழ்ந்தால் போதும். மதம் எதுவானாலும் பொருந்தும். பதிவு செய்யாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்கும், திருமணமே நடக்காமல் பிறந்த குழந்தைக்கும் இந்த உரிமை உண்டு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நீதிமன்றம் பார்ப்பது மூன்று விஷயங்களை: தகப்பனுக்கு வசதி இருக்கிறதா, குழந்தை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறதா, அவர் கொடுக்காமல் தட்டிக் கழித்தாரா. மூன்றாவதுக்குச் சாட்சி வேண்டும். அதனால் மனுப் போடும் முன் ஒரு முறையாவது எழுத்தில் கேட்டுவிடுங்கள். ‘ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ் 18,000 கட்ட வேண்டும், அனுப்புங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, அதற்கு வந்த பதில் அல்லது பதில் வராத நீலக் குறி, இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனையும் மாற்றிவிடாதீர்கள். எதிர்த்தரப்பு மறுத்தால் மூலச் செய்தியைக் காட்ட வேண்டியிருக்கும்.

மகளிர் காவல் நிலையத்தில் வைத்து மாதம் 8,000 தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது செல்லுமா?

அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. நிறுத்திவிட்டால் அதை வைத்துப் பிடியாணை கேட்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதியதும், பத்திரத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தியதும் இதே ரகம்தான். ஆனால் கிழித்துப் போட வேண்டாம். ‘என்னால் 8,000 தர முடியும்’ என்று அவரே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாருக்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) சேர்த்து மனுவில் இணையுங்கள். வருமானமே இல்லை என்று பின்னால் சொல்ல வருகிறவருக்கு இந்த ஒரு தாள் பெரிய இடைஞ்சல்.

ஸ்டேஷன் பேச்சுவார்த்தையில் சில மாதம் பணம் வரும், பிறகு நிற்கும். அதற்குள் ஒன்றரை வருடம் ஓடியிருக்கும். வருகிற பணத்தை வாங்கிக்கொண்டே மனுவையும் போட்டு வைப்பதுதான் நல்லது.

எத்தனை வழி இருக்கிறது? எதில் போவது?

வெறும் மாதத் தொகை மட்டும் வேண்டுமென்றால் 144. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத இடத்தில் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட்டிடம். இதைத்தான் எம்.சி. கேஸ் (மெயின்டெனன்ஸ் கேஸ்) என்பார்கள்.

அடி உதை, வீட்டை விட்டுத் துரத்தியது போன்றவை இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். அதில் 20-ஆம் பிரிவில் குழந்தைக்கும் பணம் கேட்கலாம், தங்குமிட உத்தரவும் சேர்த்து வாங்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரே மனு எழுத உதவுவார். இன்னொரு வசதி, அவர் வேலை செய்யும் நிறுவனமே சம்பளத்திலிருந்து நேரடியாகக் கட்ட வேண்டும் என்று இந்தச் சட்டத்தின்கீழ் உத்தரவிட முடியும்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் அதிலேயே ஒரு ஐ.ஏ. (வழக்கின் நடுவில் போடும் துணை மனு) போடலாம். இந்து திருமணச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தில் 38, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 41 முதல். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் போடுவது சிவில் வழக்கு. அது பெரும்பாலும் 18 தாண்டிய திருமணமாகாத மகளுக்காகத் தேவைப்படும்.

ஒன்றுக்கு மேல் போடத் தடையில்லை. ஆனால் ஒரு கோர்ட்டில் 6,000 வாங்கிக்கொண்டு அதை மறைத்து இன்னொன்றில் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். முந்தைய உத்தரவைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டாவது கோர்ட் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும். இதை 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கீழே இன்னும் சில இடங்களில் இந்தத் தீர்ப்பு வரும்.

அவர் கோயம்புத்தூரில், நான் அம்மா வீட்டில் தஞ்சாவூரில். எங்கே போடுவது?

நீங்கள் இப்போது வசிக்கும் தஞ்சாவூரிலேயே போடலாம். அவர் இருக்கும் இடத்திலும், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலும்கூடப் போடலாம். உங்கள் வசிப்பிடத்துக்குச் சான்றாகப் புது முகவரியோடு ஆதார் அல்லது குழந்தையின் ஸ்கூல் போனஃபைடு சான்றிதழ் போதும்.

என்னென்ன பேப்பர் வேண்டும்?

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்தான் முதலாவது. அதில் தகப்பன் பெயர் இருக்க வேண்டும். பிறகு திருமணப் பதிவுச் சான்று. இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும். செலவுக்கு: ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வேன் கட்டணம், டியூஷன், மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம். அவர் வருமானத்துக்கு: பழைய சம்பளச் சீட்டு, படிவம் 16, வருமான வரிக் கணக்கு, கார் ஆர்.சி., எல்.ஐ.சி. பாலிசி என்று கைக்குக் கிடைத்தது எதுவும்.

இதோடு சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதிய பிரமாணப் பத்திரம் ஒன்றை இருதரப்பும் தாக்கல் செய்ய வேண்டும். அதன் படிவம் மேலே சொன்ன 2020 தீர்ப்பின் இணைப்பாகவே இருக்கிறது. பெரும்பாலான மனுக்கள் தடுமாறுவது இங்கேதான். வக்கீல் குமாஸ்தா பழைய கேஸின் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குச் சொந்தமாக ஒரு சேமிப்புக் கணக்கும் 5 பவுன் நகைக் கடனும் இருக்கிறது என்றால் எழுதுங்கள். மறைத்தது சின்ன விஷயமாக இருந்தாலும், குறுக்கு விசாரணையில் அது வந்ததும் மற்ற எண்களையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

எவ்வளவு கேட்கலாம்? சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு உண்டா?

குழந்தைக்கு அப்படி ஒரு நிலையான சதவீதம் நம் சட்டத்தில் இல்லை. 25 சதவீதம் என்று ஊரில் சொல்வது, மனைவியின் ஜீவனாம்சத்துக்கு உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு வழக்கில் அளவுகோலாகச் சொன்னது. குழந்தையின் தொகை, குழந்தையின் செலவிலிருந்துதான் தொடங்க வேண்டும். கணக்கே போடாமல் ‘மாதம் 30,000 வேண்டும்’ என்று எழுதிய மனுக்கள் 5,000-த்தில் முடிவதற்கு இதுதான் காரணம்.

ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை, அம்மாவோடும் பாட்டியோடும் வாடகை வீடு. ஸ்கூல் ஃபீஸ் வருடத்துக்கு 42,000, அதாவது மாதம் 3,500. வேன் 1,400. சீருடை, ஷூ, நோட்டு, புத்தகம் வருடத்துக்கு 9,600, மாதம் 800. டியூஷன் 1,000. பால், பழம், சாப்பாடு 4,000. டாக்டர், மருந்து 700. உடுப்பு, பண்டிகை, பிறந்தநாள் 900. வீட்டு வாடகை 9,000-இல் மூன்றில் ஒன்று 3,000. கரண்ட், கேஸ் பங்கு 500. மொத்தம் 15,800.

வாடகைப் பங்கை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவை மாதத்துக்குப் பிரிக்கவும் மறக்கிறார்கள். அதிலேயே மாதம் நாலைந்தாயிரம் காணாமல் போகும்.

அடுத்து அப்பாவின் சம்பளச் சீட்டு. மொத்தச் சம்பளம் 58,000. பிடித்தம்: பி.எஃப். 3,000, பர்சனல் லோன் 12,000, சொசைட்டி லோன் 5,000. கையில் வருவது 38,000 என்று காட்டுவார். கட்டாயப் பிடித்தமான பி.எஃப்., வருமான வரி போன்றவற்றைக் கழிப்பதில் சண்டை இல்லை. அவராக வாங்கிய கடனின் தவணையை அப்படியே கழித்துவிடுவதைப் பொதுவாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை, அதிலும் கேஸ் வந்த பிறகு வாங்கிய கடன் என்றால் நம்பவே மாட்டார்கள். ஆகவே இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது 55,000.

அம்மாவுக்கு 22,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால், இருவர் வருமானமும் ஐந்துக்கு இரண்டு என்ற விகிதம். 15,800-ஐ ஏழாகப் பிரித்தால் அப்பாவின் ஐந்து பங்கு சுமார் 11,300. இது சூத்திரம் இல்லை, நீதிபதி இதற்குக் கட்டுப்பட்டவரும் இல்லை. ஆனால் மத்தியஸ்தத்தில் உட்காரும்போது கையில் இப்படி ஒரு தாள் இருக்கிறவர் பேச்சுக்குத் தனி கனம் உண்டு.

எனக்கும் சம்பளம் வருகிறது. அதனால் குழந்தைக்குக் கிடைக்காதா?

கிடைக்கும். அம்மாவின் சம்பளம் பங்கைக் குறைக்கலாம், அப்பாவின் கடமையை அழிக்காது. படிப்புச் செலவைப் பொதுவாக அப்பாவே ஏற்க வேண்டும், அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி பிரிக்கலாம் என்பது 2020 தீர்ப்பின் நிலை.

வேலையை விட்டுவிட்டேன் என்கிறார். கடை அப்பா பெயரில் இருக்கிறது என்கிறார். எப்படி நிரூபிப்பது?

வேலையை விட்ட தேதியைப் பாருங்கள். சம்மன் கிடைத்த இரண்டாவது வாரம் ராஜினாமா என்றால் நீதிமன்றத்துக்கு அதுவே கதை சொல்லிவிடும். உடலில் தெம்புள்ள ஆண் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அவருடைய படிப்பு, முந்தைய சம்பளம், தொழில் அனுபவம் ஆகியவற்றை வைத்து வருமானத்தை நீதிபதியே மதிப்பிடலாம்.

சம்பளக்காரர் என்றால், அவர் நிறுவனத்திடமிருந்து சம்பள விவரத்தை வரவழைக்க மனுப் போடுங்கள். சொந்தத் தொழில் என்றால் கொஞ்சம் அலைய வேண்டும். பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் பட்டா, சிட்டா வருவாய்த்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். கேஸ் வந்த பிறகு அண்ணன் பெயருக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம் அந்த வில்லங்கத்தில் தெரிந்தால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள். கடையின் பெயர்ப் பலகை, கடை யூ.பி.ஐ. ஸ்கேனில் வரும் பெயர், அவர் முகநூலில் போட்ட புதுக் கார் படம், இவையும் உதவும். வங்கி பாஸ்வேர்டைத் திருடி ஸ்டேட்மென்ட் எடுக்காதீர்கள். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும்.

இறுதி உத்தரவு வரும்வரை என்ன செய்வது?

மூல மனுவோடேயே இடைக்காலப் பராமரிப்பு மனுவையும் சேர்த்துப் போடுங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடிய மட்டும் 60 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அது தெரிந்த கதைதான். எதிர்மனுதாரர் பதிலும் பிரமாணப் பத்திரமும் தர அதிகபட்சம் நான்கு வாரம், அதற்காக இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது, இடைக்கால மனு நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது 2020 தீர்ப்பின் வழிகாட்டல். மூன்றாவது வாய்தா கேட்கிறபோது இதை எடுத்துக் காட்டும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் சம்மன் சார்வு ஆகாததுதான், அதாவது அவர் கைக்குப் போய்ச் சேராததுதான். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வரும். அவருடைய வீட்டு முகவரி, அலுவலக முகவரி, போன் எண், மூன்றையும் மனுவில் கொடுங்கள். வேண்டுமென்றே தப்பிக்கிறார் என்று நீதிமன்றம் கருதினால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு (அவர் வராமலேயே போடும் உத்தரவு) போடலாம். அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டுமென்றால் அவர் தக்க காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

தொகை எந்தத் தேதியிலிருந்து கணக்கு?

மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து. இதுவும் 2020 தீர்ப்பில் முடிவான விஷயம். மனுவின் வேண்டுதல் பகுதியில் ‘மனுத் தேதி முதல்’ என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். 14 மாதம் கழித்து மாதம் 10,000 என்று உத்தரவானால், இந்தச் சொற்களின் மதிப்பு 1,40,000 ரூபாய்.

நாங்கள் பேசி முடித்துக்கொள்கிறோம். ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பேசி முடிப்பது நல்லதுதான். ஆனால் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்து உத்தரவாக்குங்கள். மத்தியஸ்த மையத்தில் கையெழுத்தானதை நீதிமன்றம் உத்தரவாக்க வேண்டும், லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) கையெழுத்தானால் அதுவே போதும். லோக் அதாலத் தீர்ப்புக்கு சிவில் கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) உள்ள பலம் உண்டு, அதன்மேல் அப்பீலும் கிடையாது.

தொகையைப் பற்றி இரண்டு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, வாசகத்தை இரண்டு நிமிடத்தில் எழுதி முடிப்பார்கள். பிறகு வரும் தகராறு முழுக்க அந்த வாசகத்தில்தான். ‘எதிர்மனுதாரர் குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 12,000 வழங்குவார்’ என்று மட்டும் எழுதினால் எந்தத் தேதி, எந்தக் கணக்கு, எத்தனை வருடம் என்று எதுவும் இல்லை.

இப்படி எழுதுங்கள்: ‘ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5-ஆம் தேதிக்குள், இன்ன வங்கி, இன்ன எண்ணுள்ள கணக்கில் செலுத்த வேண்டும்.’ இரண்டு குழந்தைகள் என்றால் ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனித் தொகை. ‘இருவருக்கும் சேர்த்து 20,000’ என்றால், மூத்தவன் 18 ஆகும் மாதம் அவர் பாதியாகக் குறைத்துவிடுவார்.

வருடாந்தர உயர்வை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 8 அல்லது 10 சதவீதம், எந்த மாதம் முதல் என்பதோடு. இது இல்லாத உத்தரவில், எல்.கே.ஜி.-யில் போட்ட தொகையே ஒன்பதாம் வகுப்பிலும் வந்துகொண்டிருக்கும். உயர்த்த ஒவ்வொரு தடவையும் புது மனு.

ஸ்கூல் ஃபீஸைத் தனிப் பத்தியாக்குங்கள். பள்ளி அனுப்பிய ஃபீஸ் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய 10 நாளுக்குள் பள்ளிக்கே நேரடியாகக் கட்ட வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. கொடுப்பவருக்கும் பணம் எங்கே போகிறது என்ற சந்தேகம் வராது. பள்ளி மாற்றினால் இருவர் சம்மதமும் வேண்டுமா, எந்த அளவு ஃபீஸ் வரை, என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு தடவைக்கு, உதாரணமாக, 5,000-க்கு மேல் போனால் யார் எத்தனை பங்கு, மருத்துவக் காப்பீட்டில் குழந்தையின் பெயரை யார் வைத்திருப்பது, இதுவும் வேண்டும். கடைசியாக, எப்போது முடிகிறது: 18 வயதிலா, முதல் பட்டப் படிப்பு முடியும் வரையிலா? காலேஜ் செலவை எழுதாமல் விட்டுவிட்டு 18-க்குப் பிறகு கேட்பது கடினம்.

ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு முடித்துவிடலாமா?

மனைவியின் ஜீவனாம்சத்தை அப்படி முடிப்பது சகஜம். குழந்தைக்கு யோசித்துச் செய்யுங்கள். ‘இனி குழந்தைக்காக எதுவும் கேட்க மாட்டேன்’ என்று அம்மா எழுதிக்கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் விட்டுக்கொடுக்க அது அம்மாவின் பணமே இல்லை. மியூச்சுவல் விவாகரத்தில் (இருவரும் சம்மதித்துப் பிரிவதில்) சீக்கிரம் கையெழுத்து வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் தொகையைப் பேரத்தில் விடுவதை அடிக்கடி பார்க்கலாம். மொத்தத் தொகைதான் என்றால் குழந்தையின் பெயரில் நிலையான வைப்பாகப் போட்டு, வட்டி மாதாமாதம் வரும்படி, முதலை 18 வயதுக்கு முன் எடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று உத்தரவில் சேர்க்கலாம்.

எந்தக் கணக்கில் வாங்குவது நல்லது?

அம்மாவின் கணக்கு, அல்லது அம்மா கார்டியனாக இருக்கும் குழந்தையின் கணக்கு. பழைய மைனர் கணக்கு இருந்தால் பாஸ்புக்கில் கார்டியன் யார் என்று பாருங்கள். அப்பா பெயர் இருந்தால் போட்ட பணத்தை அவரே எடுக்கவும் முடியும். செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடுவதை மாதத் தொகையாகக் கணக்குக் காட்டினால் ஏற்காதீர்கள். அது பிற்காலத்துக்கான பணம், இந்த மாதம் பால் வாங்க உதவாது.

கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை: ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கியில் போடும்போது விவரக் கட்டத்தில் மாதம், குழந்தை பெயர், ‘பராமரிப்பு’ என்று எழுதுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுத்த சைக்கிளும் டேப்லெட்டும் மாதத் தொகையில் கழியாது.

உத்தரவு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை. என்ன செய்ய?

முதலில் ஒரு தாளில் மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று நான்கு கட்டம் போட்டு எழுதி, வங்கி ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். பிறகு அதே நீதிமன்றத்தில் நிலுவை மனு. நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்து, அபராதம் வசூலிப்பதைப் போல வசூலிக்க உத்தரவிடும். அப்படியும் கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டினால் கட்டும்வரை, சிறை. உள்ளே போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. தீராது. சிறை வைப்பது கட்ட வைக்கத்தான், பாக்கி அப்படியே நிற்கும்.

இந்த வழிக்கு ஒரு கெடு இருக்கிறது, நிறையப் பேர் பணத்தை இழப்பது இதில்தான். ஒரு தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து வரவில்லை, 2025 ஏப்ரல் கடைசியில் மனுப் போடுகிறீர்கள் என்றால் முதல் நாலு மாதப் பாக்கிக்கு இந்தப் பிடியாணை வழி அடைபட்டுவிடும். உரிமை செத்துவிடாது, சிவில் வழியில் வசூலிக்கலாம் என்று 2013-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நீண்ட பாதை. மூன்று மாதம் வரவில்லை என்றால் மனுவைப் போட்டுவிடுங்கள், ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்பதை நம்பி வருடத்தைக் கடத்தாதீர்கள்.

சம்பளக்காரரிடம் சம்பள ஜப்திதான் பலமான ஆயுதம். சாதாரணக் கடன் டிகிரியைவிடப் பராமரிப்பு டிகிரிக்கு அதிகம் பிடிக்கலாம்: சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு, மீதி ஜப்திக்கு உட்பட்டது. சொத்து உள்ளவர் என்றால், அந்தச் சொத்தின்மேல் பராமரிப்புத் தொகைக்குப் பொறுப்பு ஏற்றும்படி உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு விற்பது அவருக்குச் சுலபமில்லை.

அவர் மேலே ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டார் என்று யாராவது சொன்னால், ஸ்டே (தடை உத்தரவு) இருக்கிறதா என்று கேளுங்கள். ரிவிஷன் (சீராய்வு மனு) போட்டதாலேயே உத்தரவு நிற்காது.

துபாயில் இருக்கிறார். அமெரிக்காவில் இருக்கிறார்.

இங்கே வழக்குப் போடத் தடையில்லை, உத்தரவும் கிடைக்கும். வசூல்தான் சிக்கல், இந்திய உத்தரவு வெளிநாட்டில் தானாகச் செல்லுபடியாகாது. எனவே இந்தியாவில் அவருக்கு இருக்கும் பிளாட், நிலம், என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு), வாடகை வருமானம் ஆகியவற்றைத் தேடுங்கள். பிடியாணை நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை முடக்க பாஸ்போர்ட் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் இடம் உண்டு. எதிர்த்திசையில், பிரிட்டன், சிங்கப்பூர், 2020 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற அறிவிக்கப்பட்ட நாடுகளின் நீதிமன்ற டிகிரியை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

குழந்தையைப் பார்க்கவே விடுவதில்லை. பணத்தை நிறுத்தலாமா?

கூடாது. இரண்டும் வேறு வேறு. பார்க்கும் உரிமைக்குத் தனி மனுப் போடுங்கள். விவாகரத்து வழக்கு இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் 1890-ஆம் ஆண்டு கார்டியன்கள் சட்டத்தின்கீழ். ஒழுங்காகப் பணம் கட்டியவர் என்ற வங்கிப் பதிவு அந்த மனுவுக்குப் பெரிய துணை. அதே மாதிரி, பணம் வரவில்லை என்று அம்மா சந்திப்பை நிறுத்துவதையும் நீதிபதிகள் ரசிப்பதில்லை.

மறுமணம் செய்துகொண்டால்?

அம்மா மறுமணம் செய்தால் அவருடைய ஜீவனாம்சம் நிற்கலாம், குழந்தையின் தொகை நிற்காது. அப்பா மறுமணம் செய்து அங்கே குழந்தை பிறந்தால் அந்தச் செலவையும் நீதிமன்றம் பார்க்கும். முதல் குழந்தையைக் கைவிட அது காரணம் ஆகாது.

18 வயதுக்குப் பிறகு?

உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு 144-இன்கீழ் 18-க்குப் பிறகும் உண்டு. திருமணமாகாத இந்துப் பெண், தன் வருமானத்தில் வாழ முடியாதபோது, 1956-ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் கேட்கலாம். நியாயமான கல்யாணச் செலவும் அதில் அடங்கும். முஸ்லிம் குழந்தைகளுக்கு மேஜர் ஆகும்வரை, பெண் குழந்தைக்குத் திருமணம் வரை, என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘என் குழந்தையே இல்லை, டி.என்.ஏ. எடுங்கள்’ என்கிறார்.

திருமண பந்தம் நீடிக்கும்போதோ, அது முறிந்து 280 நாளுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுடையது என்றே சட்டம் கொள்ளும். அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். கேட்டவுடன் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிடுவதில்லை. பெரும்பாலும் இது காலம் கடத்தும் மனு. இந்த மனு முடியட்டும் என்று இடைக்காலத் தொகையை ஒத்திப்போட விடாதீர்கள்.

குழந்தை அப்பாவிடம் வளர்கிறது. அம்மா நல்ல சம்பளத்தில் இருக்கிறார்.

அப்பா கேட்கலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு ஆண், பெண் இருவரையும் கடமைப்படுத்துகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் அப்படியே.

உண்மையிலேயே வேலை போய்விட்டது. என்ன செய்வது?

உடனே பி.என்.எஸ்.எஸ். 146-ஆம் பிரிவின்கீழ் தொகையைக் குறைக்கக் கேட்டு மனுப் போடுங்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலை தேடியதற்கான மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இணையுங்கள். முடிந்த பகுதியையாவது மாதாமாதம் கட்டிக்கொண்டே இருங்கள். நீதிமன்றம் மாற்றும்வரை பழைய தொகைதான் ஓடும், பேசாமல் நிறுத்தினால் பாக்கி ஏறும். விலைவாசி, மேல்வகுப்பு, நோய் என்று தொகையைக் கூட்டக் கேட்பதும் இதே பிரிவில்தான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். போனில் கேட்க 15100. குடும்ப நல நீதிமன்றத்தில் நீங்களே நின்று பேசவும் சட்டம் இடம் தருகிறது. இலவச வக்கீல் வாய்தாவுக்கு வராமல் இருந்தால், அதே அலுவலகத்தில் வழக்கு எண்ணோடு எழுதிக்கொடுத்து வேறொருவரை மாற்றித் தரச் சொல்லலாம்.